தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

சந்தையில் மண்பானை வாங்குகிறோம். விரலால் தட்டிப் பார்க்கிறோம். ஓசை சரியாக இருந்தால்தான் காசு கொடுக்கிறோம். கத்தரிக்காய் வாங்கினாலும், சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம்.

லட்ச ரூபாய் கொடுத்துக் காமிரா லென்சு வாங்குகிறவர்களில் பலர் அப்படிச் சோதித்துப் பார்ப்பதில்லை! பெயரைப் பார்க்கிறார்கள். விலையைப் பார்க்கிறார்கள். பெட்டியோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தொழில் கருவி. கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். அந்தக் கடனுக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போவதும் உண்டு. ஆகவே, இது வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அது என்ன லென்சு?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்சைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். காமிராவுக்கு லென்சுதான் கண். தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது "24-70" என்ற ஜூம் லென்சைத்தான். 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை அதன் வளையத்தைத் திருப்பலாம். 24-இல் வைத்தால் மணமேடை முழுவதும் படத்தில் அடங்கும். 70-க்குத் திருப்பினால், நின்ற இடத்தில் இருந்தே மணப்பெண்ணின் முகத்தை அருகில் கொண்டுவரலாம்.

இந்த லென்சின் பெருமை வேறொன்றில் இருக்கிறது. லென்சுக்குள் ஒளி நுழைய ஒரு துவாரம் உண்டு. நம் கண்ணின் பாவை போன்றது அது. அதன் அளவை "எப்" என்ற எண்ணால் சொல்வார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது. இந்த லென்சில் 24-இல் வைத்தாலும் 70-இல் வைத்தாலும் எப் 2.8 வரை திறக்கலாம்.

காமிராவோடு சேர்த்துத் தரும் சாதாரண 18-55 லென்சு அப்படி அல்ல. 55-க்குத் திருப்பினால் அது எப் 5.6 வரைதான் திறக்கும். அப்போது உள்ளே வரும் ஒளி நாலில் ஒரு பங்குதான்!

இதனால் என்ன கெட்டுவிடும்? மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. நல்ல லென்சு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கும் படத்துக்கு, சாதாரண லென்சுக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் தாலி கட்டும் கை அசைந்துவிடும். படம் கலங்கிவிடும். காமிராவின் ஒளி உணரும் திறனைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஆனால், கூட்டக் கூட்டப் படத்தில் புள்ளிகள் மொய்க்கும். தாலி கட்டும் நேரம் திரும்பி வருமா?

பெயர் மட்டும் போதாது

ஜப்பானின் கேனன் கம்பெனி இந்த 24-70 எப் 2.8 லென்சை 2002-இல் வெளியிட்டது. எடை 950 கிராம். 2012-இல் அதையே புதிதாக வடிவமைத்தது. உள்ளே 18 கண்ணாடி வில்லைகள். எடை 805 கிராமாகக் குறைந்தது. அப்போது அறிவித்த விலை 2,299 டாலர். நிக்கான் கம்பெனி 2007-இல் ஒன்றும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியோடு 2015-இல் ஒன்றும் வெளியிட்டது. பின்னதன் எடை ஒரு கிலோவுக்கு மேல்!

எல்லாம் பேர் பெற்ற லென்சுகள்தான். ஆனால், கையில் வரும் ஒவ்வொரு லென்சும் நன்றாக இருக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. இத்தனை வில்லைகளில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும். கீழே விழுந்த லென்சு வெளியே பளபளப்பாகவே இருக்கும். தங்கத்துக்கு முத்திரை உண்டு. "தொழில்முறை லென்சு" என்பதற்கு அரசாங்க முத்திரை எதுவும் கிடையாது. கேனன் லென்சில் உள்ள சிவப்பு வளையம் அந்தக் கம்பெனியே போட்டுக்கொண்ட அடையாளம்தான்.

எப்படிச் சோதிப்பது?

பெரிய படிப்பு வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில், டார்ச் விளக்கை லென்சின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். இரண்டொரு தூசி இருந்தால் கவலை இல்லை. சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூசணம். ஈரக் காற்றில் வைத்திருந்த லென்சில் பிடிக்கும். அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, செங்கல் சுவர் சோதனை. காமிராவை முக்காலியில் நிறுத்தி, சுவருக்கு நேராகக் கோணாமல் வையுங்கள். 24, 35, 50, 70 என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஒவ்வொன்றிலும் எப் 2.8, 4, 5.6, 8 என்று நாலு படங்கள். பிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, நடுவையும் நாலு மூலைகளையும் பாருங்கள். எப் 2.8-இல் நாலு மூலையும் ஒன்றுபோலச் சற்று மங்கலாக இருந்தால் அது இயல்பு. 5.6-இல் அது தெளிய வேண்டும். மூன்று மூலை தெளிவாக இருந்து ஒரு மூலை மட்டும் மங்கினால், காமிராவைச் சரிபார்த்து மறுபடியும் எடுங்கள். அப்போதும் அதே மூலை மங்கினால், வில்லை இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வாங்க வேண்டாம்.

மூன்றாவது சோதனைக்கு, நீங்கள் படிக்கும் இந்தச் செய்தித்தாளே போதும்! அதை மேஜை மேல் விரித்து, சாய்வாகப் பார்த்து, எப் 2.8-இல் ஒரு தலைப்பைக் குறிவையுங்கள். குறிவைத்த தலைப்பு தெளிவாக விழ வேண்டும். அதற்கு முன்வரியோ பின்வரியோ தெளிவாக விழுந்தால், காமிராவும் லென்சும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒரு தடவை போதாது. பத்துத் தடவை எடுங்கள். சில காமிராக்களில் இந்தக் குறையைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. உங்கள் காமிராவில் உண்டா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

பிள்ளைகளைத் தோட்டத்தில் வெயிலில் நிறுத்திப் படம் எடுக்க இந்த லென்சு வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் எப் 8-இல் எடுத்தால் சாதாரண லென்சே போதுமான படம் தரும்.

இன்னொன்று. ஒளி படும் தகடு சிறிதாக உள்ள காமிராக்கள் உண்டு. கேனனின் அப்படிப்பட்ட காமிராவில் 24-70 மாட்டினால், அது 38-112 லென்சு போலத்தான் வேலை செய்யும். சிறிய அறையில் குடும்பம் முழுவதையும் அடக்க முடியாது. பாட்டியும் மாமாவும் ஓரத்தில் வெட்டுப்படுவார்கள்! அத்தகைய காமிராவுக்கு என்றே செய்த 17-55 எப் 2.8 லென்சு இருக்கிறது. அதுதான் பொருத்தம்.

இது நல்ல சமயம்

2018 முதல் கேனனும் நிக்கானும் உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராக்களில் முழு மூச்சாக இறங்கிவிட்டன. பலர் பழைய லென்சுகளை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறுகிறார்கள். நல்ல எஸ்.எல்.ஆர். லென்சுகள் பாதி விலைக்கும் கிடைக்கின்றன. நாளை நீங்கள் புதுவகைக்கு மாறினாலும், இணைப்பு வளையம் போட்டு இங்கே சொன்ன லென்சுகளை அதில் மாட்டலாம். போட்ட பணம் வீணாகாது.

ஆனால், கைமாறி வரும் பொருளுக்குச் சோதனை இரண்டு மடங்கு வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் காமிராவையும் கொண்டு போங்கள். அங்கேயே படம் எடுத்துப் பாருங்கள். தபாலில் வரவழைத்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். "நம்பி வாங்குங்கள் சார்" என்று சொல்லி, சோதிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் சோதனைக்கு அஞ்ச மாட்டார்.

ஒரு மணி நேரச் சோதனை, ஒரு வருஷ உழைப்பைக் காப்பாற்றும். பத்து ரூபாய்ப் பானைக்குக் கொடுக்கும் மரியாதையை லட்ச ரூபாய் லென்சுக்கும் கொடுப்போம்!