குழந்தைக்குத் தனியறை தேவையா?

பிறக்கவிருக்கும் குழந்தைக்கெனத் தனியறை ஒதுக்கி, வண்ணம் தீட்டி, கட்டிலும் அலமாரியும் வாங்கும் வழக்கம் கள்ளக்குறிச்சியிலும் பரவி வருகிறது. வசதியுள்ளவர் தம் பொருளில் செய்வதைத் தடுப்பதற்கில்லை. ஆனால் வட்டித் தவணையில் வாங்கிய கட்டிலில் கிடத்தி, அக்குழந்தையின் காதில் பாங்கு சொல்வது எவ்வாறு பொருந்தும்? அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனத்தை அறியாதவரா நாம்?

தொடக்க மாதங்களில் தனியறை தேவையுமன்று. பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குறைந்தது 6 மாதம் குழந்தை உறங்குவதே பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே கூறுகிறது. உறுதியான, சமமான விரிப்பில் மல்லாந்து கிடத்த வேண்டும். தலையணையும் பஞ்சுப் பொம்மையும் மூச்சை அடைக்கக்கூடும். கடைகளில் முதலில் காட்டுவதோ அவற்றைத்தான்! தமிழக அரசு 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்களே இருந்தன. துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, சோப்பு: தேவை ஏறத்தாழ அவ்வளவே.

மிஞ்சும் பணம் முதலில் தாய்க்குரியது. அதே அத்தியாயத்தின் 233ஆம் வசனம் ஈராண்டுப் பாலூட்டலைக் கூறி, அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது.

ஏழாம் நாள் இறக்கும் முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோம். அது மிகச் சிறு தொகை. கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து பிரசவத்திற்காகக் கீழே இறங்கி வரும் தாய்மார்களுக்கு ஒரு கம்பளியும் கொசுவலையும் அதனுடன் சேர்த்து வழங்கலாம். அவர்கள் எம்மதத்தினர் என்று கேட்க வேண்டியதில்லை.