வெண்ணெய் கடையுற வீட்டுக்குள்ள போனா

அயர்லாந்து கிராமங்கள்ல அந்தக் காலத்துல ஒரு வழக்கம். ஒரு வீட்டில் வெண்ணெய் கடைஞ்சுகிட்டிருக்கும்போது யார் உள்ளே வந்தாலும் கொஞ்ச நேரம் கடைஞ்சு கொடுத்துட்டுத்தான் போகணும். சும்மா போனா வெண்ணெயும் கூடவே போயிடும்னு பயம்.

மூடநம்பிக்கைன்னு நீங்க சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரல. உயரமான மரப் பீப்பாயில் பாலேட்டை ஊத்தி, தடியை மேலும் கீழும் இடிச்சுக் கடையணும். தோள்பட்டை கழண்டுடும். அந்த நேரத்துல இன்னொரு கை வந்தா எப்படி இருக்கும்னு மாடு வச்சிருக்கிறவனுக்குத் தெரியும். வாய்விட்டு உதவி கேட்கக் கூச்சம். அந்தப் பயமே ஆளைக் கூட்டிட்டு வந்துடுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அறுவடைக்கும், சதுப்பு நிலத்துல அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டவும் அக்கம்பக்கம் கூடி வேலை செய்வாங்க. அதுக்கு 'மெஹல்'னு பேரு. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. அதை வெறும் அன்புன்னு எழுதுறவங்களோட எனக்கு ஒப்புதல் இல்ல. கையில காசில்ல, வேலைக்கு ஆள் வேணும், அவ்வளவுதான். மெஷின் வந்ததும் குறைஞ்சுபோச்சே!

இந்த மாதிரி சேதியெல்லாம் அழியாம இருக்கக் காரணம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. 1937-லேர்ந்து, அந்த நாட்டு நாட்டுப்புற வழக்காற்று ஆணையம் சொல்லி, சுமார் 50,000 பேர் வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு நோட்டில் எழுதினாங்க. பாட்டிக்கு அதிகாரியைவிட பேரன்கிட்ட பேசுறது சுலபம்.

மத்துக் கயிறு எதுல திரிப்பீங்கன்னு எங்க அம்மாகிட்ட போன வாரம்தான் கேட்டேன். மறந்துபோச்சுன்னுட்டாங்க.