ஓசியில் பார்த்த ஓவியம்

2020 ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் எத்தனை ஓவியங்கள் பார்த்தீர்கள்? கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது, ஃபேஸ்புக்கில் வந்தது, யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டியதும் திறந்த ஆன்லைன் கண்காட்சி... எல்லாம் சேர்த்துத்தான். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கும். எனக்கு அப்படித்தான்.

சரி, அடுத்த கேள்வி. அதில் ஒன்றுக்காவது ஒரு ரூபாய் கொடுத்தீர்களா?

நானும் கொடுக்கவில்லை. அதனால் கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். இந்த வாரம் விழப்போகிற திட்டில் எனக்கும் பங்கு உண்டு.

கொரோனா காலத்தில் கலைதான் நம்மைக் காப்பாற்றியது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பொய்யில்லை. பிரான்ஸின் நார்மண்டியில் இருந்தபடி 82 வயது டேவிட் ஹாக்னி ஐபேடில் மஞ்சள் பூக்களை வரைந்து வெளியிட்டார். வசந்தத்தை யாரும் ரத்து செய்துவிட முடியாது என்பதுதான் படத்தின் தலைப்பே. 2020 மார்ச்சில் அதைப் பார்த்த பல பேருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. மே மாதம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், ரெம்ப்ராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 4,480 கோடி பிக்ஸல் அளவில் படமெடுத்து இணையத்தில் வைத்தது. டிக்கெட் எடுத்து நேரில் போயிருந்தாலும் அவ்வளவு கிட்டே விடமாட்டார்கள். இங்கே தூரிகை இழுபட்ட தடத்தையும் வண்ணத்தில் விழுந்த விரிசலையும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ஆகவே, ஆன்லைன் கண்காட்சியே வீண், நேரில் பார்ப்பதுதான் கலை என்று நான் சொல்ல வரவில்லை. என் பிரச்னை வேறு.

ரெம்ப்ராண்டுக்குப் பசிக்காது. அவர் இறந்து 350 வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஹாக்னிக்கும் கவலையில்லை. 2018-ல் அவருடைய ஒரே ஓவியம் ஏலத்தில் 9 கோடி டாலருக்கு மேல் போனது. பெரிய வியாபாரிகளுக்கும் வழி இருந்தது. 2020 மார்ச்சில் ஹாங்காங்கில் நடக்கவிருந்த ஆர்ட் பாசல் சந்தை ரத்தானதும், 200-க்கும் மேற்பட்ட கேலரிகள் ஆன்லைனில் கடை விரித்தன. திறந்த வேகத்தில் கூட்டம் தாங்காமல் வெப்சைட் திணறியது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் விலை உண்டு, வாங்க ஆளும் உண்டு.

இந்த இரண்டிலும் சேராதவர்கள்தான் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தனியார் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர். பள்ளி மூடியதும் சம்பளம் நின்றது. ஆன்லைன் வகுப்பில் கணக்குக்கு இடம் உண்டு, டிராயிங்குக்கு இல்லை. அப்போது ஓர் ஆன்லைன் குழுக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். பார்ப்பவருக்கு அல்ல, படம் வைப்பவருக்கு! கடன் வாங்கிக் கட்டினார். ஆறடி உயர ஓவியம், நம் கைபேசியில் தபால்தலை அளவுக்கு வந்து நின்றது.

பிறகு ஒருநாள் கேட்டேன். "எத்தனை பேர் பார்த்தாங்க?"

"ரெண்டாயிரம் பேர்னு போட்டிருந்துது சார்."

"எத்தனை வித்துது?"

"சர்டிஃபிகேட் ஒண்ணு வந்துது சார். கலர்ல. அதை பிரிண்ட் எடுக்க இருபது ரூபா ஆச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

"அவருக்கு ஒரு வெளிச்சம் கிடைத்ததே, அது போதாதா?" என்பார்கள். எந்த ஊரிலாவது அண்ணாச்சி கடையில் நூறு லைக்கை நீட்டி ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்க முடியுமா? வெளிச்சம் வேண்டியதுதான். ஆனால் வெளிச்சத்தில் உலை கொதிக்காது.

"இணையத்தில் எல்லாம் ஓசிதானே, அதன் இயல்பே அதுதானே" என்று அடுத்த வாதம் வரும். அப்படியானால் கண்காட்சி வீடு தேடி வருவதே இணையத்தின் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறீர்களா? இல்லை சார். மேற்கு வங்கத்தில் பட்டுவாக்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கிறார்கள். நீளமான சுருளில் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, வீடு வீடாகப் போய், வாசலில் சுருளைப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டியபடி பாடுவார்கள். புராணமும் பாடுவார்கள், ஊரில் நடந்ததும் பாடுவார்கள். சுனாமி வந்தது, சுனாமிச் சுருள் வந்தது. அதைச் சென்னையின் தாரா புக்ஸ் 2009-ல் புத்தகமாகவே போட்டது. 2020-ல் கொரோனா வந்ததும், பிங்லா பக்கத்து நயா கிராமத்தின் ஸ்வர்ணா சித்ரகர் கொரோனாச் சுருள் வரைந்து பாடினார். அந்த வீடியோ கைபேசி கைபேசியாகச் சுற்றியது.

இப்போது வித்தியாசத்தைக் கவனியுங்கள். வாசலில் நின்று பாடினால், வீட்டுக்காரம்மா உள்ளே போய் ஒரு படி அரிசியோ கொஞ்சம் காசோ கொண்டுவந்து போடுவார். பார்த்தால் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஏழைக் கிராமத்துக்குத் தெரிந்திருந்தது. கையில் ஸ்மார்ட்போனும் அதில் பணம் அனுப்பும் வசதியும் வைத்திருந்த நாம் என்ன செய்தோம்? ஃபார்வர்ட் செய்தோம். 'சூப்பர்' என்று கை கூப்பும் பொம்மை போட்டோம். சந்தையும் திருவிழாவும் சுற்றுலாப் பயணியும் இல்லாமல் போன நேரத்தில், கடைசியாக மிச்சமிருந்த வாசல் நம் கைபேசிதான். அந்த வாசலில் நின்றவரிடம் பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினோம்.

இதற்கு வழியே இல்லையா? இருந்தது. 2020 மார்ச்சில் மேத்யூ பரோஸ் என்ற இங்கிலாந்து ஓவியர் இன்ஸ்டாகிராமில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். அரசாங்கமும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. எந்தக் கலைஞரும் தன் படைப்பை 200 பவுண்டுக்கு மிகாத விலையில் அங்கே போடலாம். விற்பனை 1,000 பவுண்டைத் தொட்டதும், அதில் 200-ஐ எடுத்து இன்னொரு கலைஞரின் படைப்பை வாங்குவேன் என்பது வாக்குறுதி. அவ்வளவுதான் விதி. அது பல நாடுகளுக்குப் பரவியது. 3டி ஹால் இல்லை, ரிப்பன் வெட்டு இல்லை, சர்டிஃபிகேட் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு விலை இருந்தது. பார்ப்பதும் கொடுப்பதும் ஒரே இடத்தில் இருந்தன.

நம் ஊர் ஆன்லைன் கண்காட்சிக்காரர்களிடம் நான் கேட்பது இதைத்தான். கலைஞனிடம் கட்டணம் வாங்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் விலையையும் பணம் அனுப்பும் வழியையும் போடுங்கள். விலை போடுவது அசிங்கம் என்று கூச்சப்படாதீர்கள். சோறு போடாமல் மாலை போடுவதுதான் அசிங்கம்.

உங்களுக்கு? அடுத்து ஒரு கல்யாணம் வரும். வழக்கம்போல சுவர்க்கடிகாரம் வாங்கப் போவீர்கள். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஏழு கடிகாரம் ஏழு நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காசுக்கு ஒரு சின்ன ஓவியமோ, ஓர் அச்சுப் பிரதியோ வாங்கிக் கொடுங்கள். கடை தெரியாது என்று சொல்லாதீர்கள். 2020-ல் நீங்கள் லைக் போட்ட பெயர்கள் இன்னும் உங்கள் போனிலேயே இருக்கும். தேடிப் பாருங்கள்.

நான் தேடினேன். டிராயிங் மாஸ்டரின் அந்த ஆறடி ஓவியம் இன்னும் விற்கவில்லை. என் வீட்டுச் சுவர் அவ்வளவு உயரமில்லை. அதனால் சின்னதாக ஒன்று வரையச் சொல்லி, பணத்தை முதலிலேயே அனுப்பிவிட்டேன். பல வருடம் தாமதமாகப் போட்ட ஒரு படி அரிசி.