சைக்கிளைத் தூக்கினால் ஏன் சிரிப்பு வருது?

“சைக்கிள் ஓட வந்தனீங்களோ, தூக்க வந்தனீங்களோ?”

ஒலிபெருக்கியில் இப்படிக் கேட்டவர் அதோட நிறுத்தியிருந்தால் நாங்களும் சிரிச்சிட்டுப் போயிருப்பம். பக்கத்தில் நின்றவரிடம், “ஆயத்தமில்லாததுகள் எல்லாம் ஏன் வருகுதுகள்” என்று அவர் சொன்னதும் மைக்கில் போட்டுது. டச்பே கடற்கரை முழுக்கக் கேட்டது. ‘அதுகள்’ நாங்கள்தான்.

உண்மையைச் சொல்லிவிடுறம். மூன்று நாள்தான் பழகினம். விடுமுறையில் திருகோணமலைக்கு வந்த கலைப்பீடப் பிள்ளைகள் நாலு பேர், இரவல் லுமாலா நாலு. அதில் ஒன்றுக்கு கரியரும் கழற்றவில்லை. உவர்மலை ஏற்றத்தில் பின்னேரம் இரண்டு தரம் ஏறி இறங்கினதுதான் பயிற்சி. மாணவர் போட்டி, பாதி மண்பாதை, பாதி கடற்கரை மணல். மணலில் சில்லு புதைஞ்சதும் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினம். சிரிப்பு அங்கதான் தொடங்கினது.

ஐயா, இப்படி ஓடுறதுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கு. சைக்கிளோ குரொஸ். சேறு, புல், மணல், படி எல்லாம் கலந்த சின்னச் சுற்றுப் பாதை. ஓட முடியாத இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிரான்ஸில் 1902இலேயே இதற்கு தேசியப் போட்டி வைத்தார்கள். 1910இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஒக்தாவ் லாப்பிஸ் குளிர்காலத்தில் இதை ஓடிப் பழகினவர். 2012 உலகப் போட்டி பெல்ஜியத்தில் கொக்சைட என்ற கடற்கரை ஊரின் மணல்மேட்டில் நடந்தது. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரரும் அந்த மணலில் இறங்கி ஓடினவைதான். அவையைப் பார்த்து யாரும் மைக்கில் சிரிக்கவில்லை.

சரி, ஆயத்தம் என்றால் என்ன? நேரம், சைக்கிள், ஓட ஒரு இடம். எங்களில் இரண்டு பேர் விடுமுறையில் பின்னேரம் டியூஷன் கொடுத்துத்தான் அடுத்த தவணைச் செலவைப் பார்க்கிறம். இன்னொருத்தி ஓ.எல். வரைக்கும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். பிறகு “பெரிய பிள்ளை” என்று வீட்டில் நிற்பாட்டிச்சினம். 2022இல் பெற்றோல் இல்லாமல் சனம் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, அதே வீட்டுக்காரர்தான் “சைக்கிளை எடுத்துக்கொண்டு போ பிள்ளை” என்றார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குள் போனது. அவளிடம் போய் “ஏன் பழகவில்லை” என்று கேட்பீங்களோ? அன்றைக்கு ஓடின ஒரே பெண் அவள். அதைப் பற்றி மைக் ஒன்றும் சொல்லவில்லை.

இனி உங்கட ஆயத்தத்தைப் பார்ப்பம். அதிதிகளுக்குப் பந்தல் இருந்தது, துணி போட்ட கதிரை இருந்தது, பொன்னாடை மடிச்சு வைத்திருந்தது. பிரதம அதிதி வரும்வரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்றம், கச்சான் காற்று முகத்தில் அடிக்க அடிக்க. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஹெல்மெட் ஒருவரிடமும் கேட்கவில்லை. பாதையில் மான் குறுக்கே வராமல் பார்க்கக்கூட ஆளில்லை. திருகோணமலையில் மான் வரும் என்று தெரியாதவர் யார்? இரண்டாம் சுற்றில் எங்களில் ஒருத்தன் விழுந்து முழங்கை கிழிஞ்சபோது முதலுதவிப் பெட்டி கேட்டம். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெம்பிலி விற்ற ஐயாதான் தன்னுடைய போத்தல் தண்ணீரால் காயத்தைக் கழுவி, தோளில் கிடந்த துவாயால் கட்டிவிட்டார்.

அவன் விழுந்ததுக்கு பிரேக் கட்டை தேஞ்சிருந்ததும் ஒரு காரணம். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அது எங்கட பிழை. ஆனால் தொடக்கத்தில் நின்று ஒவ்வொரு சைக்கிளின் பிரேக்கையும் ஒருதரம் பிடிச்சுப் பார்க்க உங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். பழகாமல் வந்தவன் கடைசியாக வருவான், அவ்வளவுதான். பழகாதவர்களைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் இல்லாமல் ஓட விடுறவர்களால்தான் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகினம்.

நாங்கள் கடைசி நாலு இடம். காயக்காரனும் துவாய்க் கட்டோட ஓடி முடிச்சான்.

அடுத்த வருஷமும் அநேகமாக மூன்று நாள் பழகிவிட்டுத்தான் வருவம், மணலில் தூக்கிக்கொண்டும் ஓடுவம். நீங்கள் ஒரு முதலுதவிப் பெட்டியும் பத்துப் போத்தல் தண்ணீரும் கொண்டு வாங்கோ. பொன்னாடைக் காசில் வாங்கலாம்.