தூக்குக் கயிறும் நீதிபதி நாற்காலியும்

2025 ஜூலை 14ஆம் தேதி புத்ராஜெயாவில் வழக்கறிஞர்கள் நூற்றுக்கணக்கில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். நீதி மாளிகையில் புறப்பட்டு பிரதமர் அலுவலகம் வரை அந்த நடை. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த செம்பனைத் தோட்டத்து அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஜட்ஜை யாரு வச்சா நமக்கென்ன அண்ணே? பெரிய மனுஷங்க சண்டை. இதனால நம்ம சம்பளம் ஏறுமா, குலைக்கு ரேட்டு கூடுமா?"

சம்பளம் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்தைவிடப் பெரிய ஒன்று அதில் இருக்கிறது. நம் வீட்டுப் பையன் ஒருவன் கூண்டில் நிற்கும் நாள் வந்தால், அவன் உயிர் இன்று சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் மனத்திலும் இருக்கிறது. முன்பு அப்படி இல்லை. இதை விளக்கக் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

2023 வரை நம் நாட்டில் கொலைக்கும், போதைப்பொருள் கடத்தலுக்கும், வேறு சில குற்றங்களுக்கும் கட்டாய மரண தண்டனை இருந்தது. குற்றம் நிரூபணமானால் நீதிபதிக்குப் பெரும்பாலும் வேறு வழி கிடையாது. ஆபீசில் எழுதி வைத்த ரேட்டைப் படித்துச் சம்பளம் போடும் கிராணியின் நிலைமைதான் அவருக்கும். "பாவம், இவன் சின்னப் பையன்" என்று மனம் இளகினாலும் வாய் தூக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

போதைப்பொருள் கடத்தலுக்கு இந்தக் கட்டாயம் வந்தது 1983இல். 15 கிராம் ஹெராயின், அதாவது நாலு தேக்கரண்டிச் சீனி அளவு, கையில் இருந்தால் போதும். அல்லது 200 கிராம் கஞ்சா. "இந்தப் பையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடா, ஐநூறு வெள்ளி தர்றேன்" என்று யாரோ ஒருவன் சொல்ல, கடன்காரப் பையன் வாங்கிக்கொண்டு போகிறான். பை அவன் கையில் இருந்ததால் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும் என்று சட்டம் ஊகித்தது. அளவு அவ்வளவு இருந்ததால் அவன் கடத்தல்காரன் என்றும் ஊகித்தது. ஓர் ஊகத்தின் மேல் இன்னோர் ஊகத்தை ஏற்றிவைப்பது சரியல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில்தான் தீர்ப்பளித்தது. அதற்கு முன் அந்த இரட்டை ஊகத்தால் கயிறுவரை போனவர்கள் உண்டு. பை கொடுத்து அனுப்பியவன் எங்கே என்று கேட்கிறீர்களா? அவன் பெரும்பாலும் கோர்ட்டுப் பக்கமே வருவதில்லை.

கட்டாயத் தூக்கு நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியும் அல்ல. வயதானவர்கள் மலாயா கணபதியை மறந்திருக்கமாட்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அவசரகாலச் சட்டத்தின்கீழ் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் பரிந்து பேசியும் பலன் இல்லை. அன்று சட்டம் போட்டதும் வெள்ளைக்காரன், வழக்குத் தொடுத்ததும் அவன், நீதிபதியை உட்காரவைத்ததும் அவன். இந்த மூன்றும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பாட்டன்மார் கண்ணால் கண்டார்கள்.

இனி இன்றைக்கு வருவோம். கட்டாயத் தூக்கு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று சிலர் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், தண்டனை எது என்று நிர்ணயிப்பது நாடாளுமன்றத்தின் வேலை, சட்டம் செல்லும் என்றார்கள். ஒரே ஒருவர் மாறுபட்டார். அவர் நளினி பத்மநாதன். மாற்றுத் தீர்ப்பினால் அன்று யாருடைய கழுத்தும் தப்பவில்லை. ஆனாலும் அது ஏட்டில் ஏறியது.

மூன்று ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றமே அந்த வேலையைச் செய்தது. 2023 ஏப்ரலில் மக்களவையும் மேலவையும் சட்டத்தை நிறைவேற்றின. ஜூலை 4 முதல் அமலுக்கு வந்தது. கவனிக்க வேண்டும்: தூக்கு ஒழியவில்லை. அதன் கட்டாயம்தான் ஒழிந்தது. ஆள்கடத்தல் போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் தூக்கே எடுக்கப்பட்டுவிட்டது. கொலைக்கும் போதைக் கடத்தலுக்கும் இப்போது நீதிபதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை. சிறை என்றால் ஆண்களுக்கு 12க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அடி இல்லை. 2018 முதல் இதை எழுதும் வரை அரசாங்கம் யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் அது அரசாங்கம் தானாக நிறுத்திவைத்திருப்பது. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

ஏற்கெனவே தூக்குக்குக் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்காக இன்னொரு சட்டம் 2023 செப்டம்பர் 12இல் அமலுக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கூட்டரசு நீதிமன்றத்தில் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்க முடிந்தது. "நான் குற்றமே செய்யல" என்று அங்கே வாதாட முடியாது; தண்டனையைப் பற்றி மட்டுமே பேசலாம். பெரும்பாலோருக்குத் தூக்கு நீங்கிச் சிறையாயிற்று. சிலருக்கு நீங்கவில்லை. ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம். கொலை எப்படி நடந்தது, கைதியின் வயது என்ன, சிறையில் எப்படி நடந்துகொண்டார் என்பதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தவர்கள் நீதிபதிகளே.

இங்கேதான் அந்தச் செம்பனைத் தோட்டத்து அன்பருக்குப் பதில் இருக்கிறது. கிராணி போல ரேட்டைப் படித்துக்கொண்டிருந்த நீதிபதியின் கையில் இப்போது தராசு வந்துவிட்டது. தராசு பிடிப்பவரை யார் பொறுக்கி எடுக்கிறார்?

அரசமைப்புச் சட்டத்தின் 122B பிரிவுப்படி, பிரதமரின் ஆலோசனையின்பேரில், ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்துகொண்டு மாமன்னர் நீதிபதிகளை நியமிக்கிறார். பேச்சு மாமன்னரின் பெயரில் இருந்தாலும் பெயரை எழுதிக் கொடுப்பவர் பிரதமர். 2009இல் நீதிபதிகள் நியமன ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். ஒன்பது பேர். தலைமை நீதிபதியும் மற்ற மூன்று மூத்த நீதிபதிகளும் பதவியால் வருபவர்கள். மீதி ஐந்து பேர், அதாவது கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரும் பிரமுகர்கள் நால்வரும், பிரதமர் நியமிப்பவர்கள். ஒன்பதில் ஐந்து எத்தனை என்பதை நம் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆணையம் கொடுக்கும் பெயர் பிடிக்காவிட்டால், மேல்நிலை நீதிமன்றப் பதவிகளுக்கு இன்னும் இரண்டு பெயர் கொடுங்கள் என்று கேட்கவும் பிரதமருக்கு வழி இருக்கிறது.

தூக்கு வழக்கில் எதிர்த்தரப்பு யார்? அரசாங்கம். வழக்கை நடத்தும் சட்டத்துறைத் தலைவரும் பிரதமரின் ஆலோசனையில் வந்தவர்தான். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் சம்பளத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். "நடுவரை நானே கொண்டுவர்றேன், நல்ல மனுஷன்" என்று மேனேஜர் சொன்னால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வருகிற நடுவர் உண்மையிலேயே நல்ல மனுஷனாக இருக்கலாம். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

இந்தச் சந்தேகம் காற்றில் வந்ததல்ல. 1988இல் நாட்டின் உச்ச நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவரோடு இன்னும் இரண்டு நீதிபதிகளும் போனார்கள். அரசாங்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மனக்கசப்பு முற்றியிருந்த காலம் அது. அப்புறம் 2007இல் ஒரு வீடியோ வெளிவந்தது. 2001இல் எடுத்தது. ஒரு வழக்கறிஞர் டெலிபோனில் உட்கார்ந்துகொண்டு, யாரை எந்த நாற்காலியில் ஏற்றுவது என்று, ஏதோ வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரர் பேசுவது போலப் பேசுகிறார். அரச விசாரணைக் குழு உட்கார்ந்து, வீடியோ உண்மையானதே என்று 2008இல் சொன்னது. அந்த வழக்கறிஞர் நம்மவர் என்பதில் நமக்கு ஒரு பெருமையும் இல்லை. நியமன ஆணையம் பிறந்ததே அந்த நாற்றத்துக்குப் பிறகுதான்.

2025இல் நடந்தது என்ன? நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான துன் தெங்கு மைமுன், 66 வயது நிறைந்து ஜூலை தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். ஆறு மாதம் வரை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் இருந்தும் நீட்டிக்கவில்லை. அடுத்தவர் யார் என்றும் உடனே சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வழக்கறிஞர் மன்றம் நடந்தது. பிறகு அம்மாதக் கடைசியில் வான் அகமட் பாரிட் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். நீதித்துறைக்கு வருமுன் அவர் அம்னோ அரசியல்வாதி, துணை உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். அரசியலில் இருந்தவர் நீதிபதியாகவே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். அவரை அவர் தீர்ப்புகளை வைத்து எடைபோடுவதே நியாயம். நமக்குக் குறை அவர்மீது இல்லை, வழிமுறைமீதுதான். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லாத வழிமுறை அது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் இன்னும் மனம் கனக்கிறது. சிங்கப்பூரில் நியமன ஆணையமே கிடையாது. பிரதமர் பெயர் கொடுக்க, அதிபர் இசைந்து நியமிக்கிறார். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே இன்னும் கட்டாயத் தூக்குதான். வெறும் தூக்கிச் செல்பவன் என்று நிரூபித்து, அதற்குமேல் புலனாய்வுக்குப் பெரிதும் உதவினான் என்று அரசாங்க வழக்கறிஞர் சான்றிதழ் கொடுத்தால், அல்லது மனநலக் கோளாறு நிரூபணமானால்தான் நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்க வழி. ஒன்றும் தெரியாத பையன் எதைச் சொல்லி உதவுவான்? அந்தச் சான்றிதழ் கிடைக்காமலேயே போகிறான். ஈப்போவைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர், 42.72 கிராமுக்காக 2009இல் பிடிபட்டு, 2022 ஏப்ரல் 27ஆம் தேதி சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் கூறியது கோர்ட்டில் பதிவாகியிருந்தது. எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம், யார் கொடுத்தாலும் பையை வாங்காதே என்று ஒருமுறைக்குப் பத்துமுறை சொல்லியனுப்புங்கள்.

பிடிபட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: லோயரைப் பார்க்கும் உரிமையை அரசமைப்புச் சட்டமே கொடுக்கிறது. தூக்கு வழக்கில் லோயர் வைக்க வசதி இல்லாவிட்டால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். எல்லா மேல்முறையீடும் முடிந்தபின் அந்தந்த மாநிலத்து மன்னிப்பு வாரியத்துக்கு மனு எழுதலாம். அங்கேயும் முடிவு மனிதர் கையில்தான்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அந்த அன்பர் கடைசியில் ஒன்று கேட்டார்: "சரிண்ணே, எட்டுப் பேருக்கு எதிரா எழுதினாங்களே அந்த அம்மா, அவங்களை யாரு வச்சது?" அவரும் இதே வழியில்தான் வந்தார். பிரதமர் பெயர் கொடுத்து, மாமன்னர் நியமித்து. மற்ற எட்டுப் பேரும் அப்படியே. அதற்கு நம்மிடம் உடனே பதில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.