பெயர் இல்லாத துண்டுப் பிரசுரம்



கடலாடியிலோ சாயல்குடியிலோ அச்சடித்த ஒரு திருமண அழைப்பிதழை எடுத்து அதன் கீழ் ஓரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். திருவிழா நோட்டீசிலும் தேர்தல் துண்டுப் பிரசுரத்திலும் இந்த வரி உண்டு. அச்சகத்தார் தமக்குத் தாமே செய்துகொள்ளும் விளம்பரம் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். உண்மையில் இது சட்டத்தால் வந்த வழக்கம். அச்சிட்ட தாள் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. 2024 மார்ச் 1 முதல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பழைய வழக்கம் நிலைத்திருக்கிறது.

அந்தச் சட்டம் கடிதத்தைத் தொடவில்லை. உறையில் இட்டு ஒட்டிய கடிதம் இருவருக்கு இடையே நடக்கும் பேச்சு. ஊருக்கே போவது துண்டுப் பிரசுரம். ஒருவருக்குப் போவது கடிதம். இந்த வேறுபாடு நெடுங்காலம் தெளிவாக இருந்தது.

இன்று கைபேசியில் வாட்ஸ்அப் வழியாக வந்து சேரும் செய்தி இவ்விரண்டில் எது? உருவத்தில் அது கடிதம். பரவுவதிலோ அது துண்டுப் பிரசுரம். ஆனால் அதன் கீழ் ஓரத்தில் எந்தப் பெயரும் இல்லை. அப்படிப்பட்ட செய்தியால் தீங்கு நேர்ந்தால் சட்டம் எந்தக் கையைப் பிடிப்பது? நம் காலத்தின் கடினமான சட்டக் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

தீங்கு என்பது வெறும் பேச்சன்று. 2018-இல் குழந்தை கடத்துவோர் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற வதந்தி இந்தியாவின் பல மாநிலங்களில் கைபேசி வழியே பரவியது. அவ்வாண்டு மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதே அவர் மீது சந்தேகம் எழக் காரணம்.

அந்நாட்களில் சுற்றிய வீடியோ ஒன்றின் கதையைக் கேளுங்கள். இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விளம்பரப் படம். முடிவில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். விழிப்பூட்ட எடுத்த படம் கொலைக்குத் தூண்டும் படமாயிற்று!

“முதலில் அனுப்பியவனைக் கண்டுபிடித்தால் போதுமே!” என்று நீங்கள் சொல்லக்கூடும். அரசும் அவ்வாறே எண்ணியது. ஆனால் இதில் ஒரு விஞ்ஞானச் சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவரின் கைபேசியிலேயே பூட்டப்படுகிறது. பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் உள்ள நிறுவனம் உறையைச் சுமக்கும் தபால்காரர் மட்டுமே. அதனிடம் சாவி இல்லை. ஒரே செய்தியை இருவருக்கு அனுப்பினாலும் இரண்டு வெவ்வேறு பூட்டுகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செய்தி என்பதுகூடத் தெரியாது.

இந்தச் சிக்கல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் வந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் எண்ணுடன் இணைக்க வேண்டும் என்று கோரி 2018-இல் தொடங்கிய வழக்கு, செய்தியின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற விசாரணையாக வளர்ந்தது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி.காமகோடி, முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு ஒட்டி அனுப்பலாம் என்பது அவர் யோசனை. மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். அந்த அடையாளத்தைப் பொய்யாகவும் ஒட்ட முடியும். குற்றமற்றவர் சிக்கிக்கொள்வார் என்றார். பிறகு வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. கடுமையான குற்றங்களில் நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்பதைப் பெரிய நிறுவனங்கள் தெரிவிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றன அவை. அவ்வாண்டு மே மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தில் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அந்த விதியில் ஒரு வாசகம் உண்டு: செய்தி வெளிநாட்டில் பிறந்திருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே மூலவராகக் கருதப்படுவார். கராச்சி வீடியோவை எண்ணிப் பாருங்கள். அதை வெட்டியவன் வேறு நாட்டவனாக இருந்தால், இங்கே அகப்படுவது யார்? தன் குழந்தைக்காகப் பயந்து தங்கைக்கு அனுப்பிய ஒரு தாயாகக்கூட இருக்கலாம் அல்லவா?

ஆகவே முதல் கையைத் தேடுவதற்காக எல்லாருடைய உறைகளையும் அடையாளமிடுவது சரியான வழியன்று என்பதே என் கருத்து. அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. குற்றவாளி ஒருவனைப் பிடிப்பதற்காகக் கோடிக்கணக்கானோரின் கடிதங்களில் குறியிட்டு வைப்பது அந்த உரிமைக்குப் பொருந்தாது. அப்படிச் செய்தும் அவன் சிக்குவான் என்பதற்கு உறுதி இல்லை. செய்தியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தால் ஒட்டிய அடையாளம் போய்விடும்.

பின் எந்தக் கையைத்தான் பார்ப்பது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு செய்தியை ஒருவர் ஐவருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக ஐவருக்கு அனுப்புகிறார்கள். இப்படியே போனால் ஒன்பதாம் படியில் 19,53,125 பேருக்குச் செய்தி கிடைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகையே 13,53,445தான்! இப்போது ஒவ்வொரு படியிலும் ஐவரில் இருவர் அனுப்பாமல் நிறுத்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் படியில் 32,805 பேர் மட்டுமே. நால்வர் நிறுத்தினால் படிக்கு ஐந்து பேருக்கு மேல் போகாது.

வதந்தியின் வலிமை முதல் கையில் இல்லை, இடையில் உள்ள கைகளில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு முகவரிக்கு மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கியது. உறையைப் பிரிக்காமலேயே வேகத்தைக் குறைக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

இடையில் உள்ள கைகளைச் சட்டமும் விட்டுவிடவில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவொன்றை முகநூலில் பகிர்ந்த ஒரு நடிகரின் வழக்கில், பகிர்வது அக்கருத்தை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்ற வாதத்தை 2023-இல் உச்சநீதிமன்றமும் ஏற்கவில்லை.

எனினும் சட்டத்தின் பிடி அளவு மீறினால் அதுவும் தீங்கே. 2012-இல் மகாராஷ்டிரத்தின் பால்கர் நகரில் இரு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒருவர் முகநூலில் ஒரு கருத்து எழுதினார்; மற்றவர் அதற்கு விருப்பக் குறி இட்டார், அவ்வளவுதான். அவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட 66ஏ பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொய் என்று தெரிந்தே தீங்கு செய்ய அனுப்பியவரையும், பிறருக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னவரையும் சட்டம் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

அப்படியானால் எதையும் அனுப்பாமல் இருந்துவிடலாமா? கடற்கரையில் வாழ்பவர்கள் அவ்வாறு சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், தனுஷ்கோடி நோக்கிச் சென்ற ரயில் பயணிகளோடு கடலுக்கு இரையானது. நேரத்தில் வந்து சேரும் எச்சரிக்கையின் மதிப்பை இந்தக் கரை நன்கு அறியும். மூக்கையூரிலும் வாலிநோக்கத்திலும் கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்குப் புயல் செய்தி உடனே கைமாறத்தான் வேண்டும். ஆனால் பழைய புயலின் வீடியோ இன்றைய புயலாக இருமுறை வந்தால் என்ன ஆகும்? படகுகள் வீணாகக் கரையில் நிற்கும், கூலி போகும். “புலி வருது” கதைபோல மூன்றாம் முறை வரும் உண்மைச் செய்தியை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே நண்பர்களே, எந்தச் செய்தியையும் கைமாற்றும் முன் அதில் ஒரு வரி சேருங்கள்: இதைச் சொன்னது யார், எந்தத் தேதியில், எந்த ஊரைப் பற்றி? வானிலைத் துறையின் அறிக்கையில் தேதியும் நேரமும் இருக்கும். அவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அனுப்பியது தவறென்று பின்னால் தெரிந்தால், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்கள் எல்லாருக்கும் திருத்தத்தையும் அனுப்புங்கள். இந்த ஒரு வரியைச் சேர்க்க எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நாமாகவே சேர்த்தால், எல்லாருடைய உறையிலும் குறியிடும் சட்டம் தேவைப்படாமலே போகும்.