வாளிக்காரருக்குப் பாடம் எடுக்காதேங்கோ

'நீரைச் சேமிப்போம்' என்ற சுவரொட்டிகளை எங்கே ஒட்டுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? பாடசாலைச் சுவரில். பொதுக் கிணற்றடியில். அறைக்கு ஒரு பாத்றூம் வைத்து எழும்புகிற புது மாடிவீட்டு வாசலில் ஒருத்தரும் ஒட்டுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எங்கட முதல். அந்த நன்னீர், கீழே இருக்கிற உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கணக்கில்லாமல் இறைத்தால் உவர் மேலே வரும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மோட்டரைப் போட்டுவிட்டுத் தாங்கி நிரம்பி வழியும்வரை மறந்துபோகிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். குந்தியிருக்கிற பழைய மலசலகூடத்துக்கு இரண்டு மூன்று லீற்றர் வாளித்தண்ணி காணும். பழைய கொமட் தாங்கி ஒருமுறை அமத்த 9 லீற்றருக்குக் குறையாமல் கொட்டும். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து தரம் போனால் நாளுக்கு 225 லீற்றர். இரண்டு பொத்தான் உள்ள தாங்கி சிறியதற்கு 3, பெரியதற்கு 6 லீற்றர் விடும். அதே வீட்டில், ஆளுக்கு ஒருதரம் மட்டும் பெரிய பொத்தான் என்றால், 90 லீற்றரோடு அலுவல் முடிந்துவிடும். 'சூழலுக்கு உகந்தது' என்று கடையில் விற்கிற அந்த 3 லீற்றரை வாளிக்காரர் எப்போதோ கடைப்பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கா நாங்கள் சிக்கனம் படிப்பிக்கிறது?

கொமட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போரில் காலை இழந்தவர்களுக்கும் அது வசதியில்லை, தேவை. ஆனால் பளிங்கு ரைல்ஸுக்குக் காசு இருக்கிற வீட்டில் இரண்டு பொத்தான் தாங்கிக்கு மட்டும் காசு இல்லை என்றால், அது வறுமை இல்லை, அலட்சியம்.

"தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணியோடு பார்த்தால் இதெல்லாம் எம்மாத்திரம்?" என்பார்கள். தோட்டத்துத் தண்ணீர் வெங்காயமாகவும் புகையிலையாகவும் திரும்பி வருகிறது. கொமட்டில் கொட்டின தண்ணீர் மலக்குழிக்குப் போய், சுண்ணாம்புக் கல் வெடிப்புக்குள்ளால் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு நைத்திரேற்றோடு வருகிறது. முன்பு கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓடினது. இப்போது அதையும் குழாய் பூட்டிக் குழிக்குள்ளேயே விடுகிறோம்.

இரணைமடுத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தபோது, வயலுக்கே போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரித்து எடுக்கிற குடிநீரை, 9 லீற்றர் 9 லீற்றராகக் கக்கூசுக்குள் ஊற்றப் போகிறோமா?

ஆகவே கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம். வீட்டுப் படத்துக்கு அனுமதி கொடுப்பது உள்ளூராட்சி சபை. இரண்டு பொத்தான் தாங்கி, மழைநீர்த் தொட்டி, குளித்த தண்ணீருக்குத் தனிக் குழாய்: இவை படத்தில் இல்லாவிட்டால் கையெழுத்து வைக்கக்கூடாது. ஹொட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் அதே விதி. வாடகை வீட்டில் ஒழுகுகிற பைப்பை மாற்றுவது வீட்டுக்காரரின் கடமை, குடியிருப்பவரின் தலைவிதி இல்லை.

சுவரொட்டியை இனி மாடிவீட்டு வாசலில் ஒட்டுங்கோ. வாளி தூக்குகிறவருக்கு ஒரு துளியின் பாரம் ஏற்கெனவே தெரியும்.